கோர்ட் இந்துஸ்தானியும் ஒரு பால்காரரின் பேச்சும்

இந்துஸ்தானிப் பரீட்சைக்கு எந்த இலக்கணப் புத்தகம் நல்லது என்று போன வாரம் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். காப்பியைக் கொடுத்து உங்களை அனுப்பிவிட்டேன், பதில் சொல்லவில்லை. கிழவனுக்குக் காது மந்தம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போயிருப்பீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது, தம்பிகளா. கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்திவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்தப் புத்தகம் வேண்டுமானாலும் வாங்குங்கள். என்னிடம் நான்கு இருந்தன. ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது, மூன்று இருக்கின்றன, வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்த நான்கையும் தலைகீழாகப் படித்து வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தேன். கோர்ட்டில் துபாஷியாக, மொழிபெயர்ப்பாளராக நிற்கப் போகிறவர்கள் நீங்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போய் நில்லுங்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கோலாலம்பூரில் நம் ஆட்களுக்கு வடக்கத்தியான் என்றால் எல்லாருமே வங்காளிதான். தலைப்பாகை கட்டிய போலீஸ்காரரும் வங்காளி, கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் காவல்காரர் ஜாகாவும் வங்காளி, பால் ஊற்றுகிறவரும் வங்காளி. அவர்களில் ஒருவர்கூட வங்காளத்துக்காரர் இல்லை. கோர்ட் கொஞ்சம் படித்த இடம் அல்லவா, அங்கே வேறு பெயர். எல்லாரையும் சேர்த்து மூட்டைகட்டி, "இந்துஸ்தானி பேசுகிறவர்கள்" என்று ஒரே ரிஜிஸ்தரில் எழுதிவிடுவார்கள். அத்தனை பேருக்கும் ஒரே துபாஷி. அது நான்.

நாகப்பட்டினத்தில் பிறந்து இந்த ஊர்ப் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவனுக்கு இந்துஸ்தானி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பத்து ரோடு என்ற தெருவில் ஒரு மாடி அறையில் லக்னோ பக்கத்து முன்ஷி ஒருவர் இருந்தார். துரைமார்களுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பவர். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நல்ல மனிதர். வெற்றிலை போட்டுக்கொண்டு அவர் ஒரு வாக்கியம் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். டில்லியைச் சுற்றி ஜனங்கள் பேசின பேச்சு இது, பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் ஊர் ஊராகப் போனது, பாரசீகச் சொல்லை வாரிப் போட்டுக்கொண்டது என்பார். பாரசீக எழுத்தில் எழுதினால் உருது, நாகரி எழுத்தில் எழுதி சமஸ்கிருதச் சொல்லைச் சேர்த்தால் இந்தி என்பார். அதற்கு முன்னால் பாட்டெல்லாம் மதுரா பக்கத்துப் பேச்சிலும் அயோத்தி பக்கத்துப் பேச்சிலும்தான் இருந்ததாம். கல்கத்தாவில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பாடப்புத்தகம் போட வேண்டிவந்தபோதுதான் டில்லிப் பேச்சின் உரைநடைக்கு ஒரு பெரிய பாதை போட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

இலக்கணமும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழியில் நாற்காலி பெண், கதவு ஆண். நான் ரொட்டி தின்றேன் என்று சொன்னால், தின்றவன் மீசை வைத்த ஆம்பளையாக இருந்தாலும் வினைச்சொல் பெண்ணாகத்தான் நிற்கும், ஏனென்றால் ரொட்டி பெண்ணாம்! நம் தமிழில் உயர்திணை அஃறிணை என்று நிம்மதியாக இருந்தவனுக்கு இது பெரிய தலைவலி. ஆறு மாதம் அழாத குறையாகப் படித்தேன். இன்றைக்கும் பிழையில்லாமல் எழுதுகிறேன் என்றால் அது அந்த முன்ஷி போட்ட பிச்சை.

அவர் ஒரே ஒரு தப்பான புத்தி சொன்னார். "கிராமத்தான் பேச்சைக் காதில் வாங்காதே, உன் மொழி கெட்டுப்போகும்" என்றார். நான் நல்ல மாணாக்கன் பாருங்கள், அதையும் அப்படியே கேட்டு நடந்தேன். பரீட்சை தேறினேன். கோட்டு போட்டுக்கொண்டு, கோர்ட் இருந்த மணிக்கூண்டுக் கட்டடத்துக்குள் நுழையும்போது எனக்குத் தரையில் கால் பாவாது.

அப்போதுதான் அந்த மாட்டு வழக்கு வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் கொட்டில் போட்டு நாலைந்து மாடு வளர்த்தவர் ஒருவர். காசிக்கும் கிழக்கே எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். விடிந்ததிலிருந்து புல் அறுப்பதும் மாட்டைக் கவனிப்பதும்தான் அவர் வேலை. வீடு வீடாகப் பால் கொண்டுபோய் ஊற்றுவது அவர் மனைவி. என் வீட்டுக்கும் அந்த அம்மாதான் பால். நம் ஆட்களிடம் பேசிப் பேசி அந்த அம்மாவுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. புருஷனுக்கோ மாட்டைத் தவிரப் பேச்சுத்துணை கிடையாது.

கிள்ளானில் மாட்டுவண்டி வைத்திருந்த அவர் ஜில்லாக்காரர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். தன் கொட்டிலிலிருந்து கறவை மாட்டை இந்த ஆள் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார் என்று புகார். மாடு பால்காரர் கொட்டிலில்தான் இருந்தது. போலீஸ் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. திருட்டு நிரூபணமானால் சிறை, சிறை முடிந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு இந்த மண்ணில் கால் வைக்க முடியாது.

முதல் நாள் விசாரணை. நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு, முன்ஷி மெச்சும்படி கேட்டேன்: "முல்ஸிம், நீ உன் ஜுர்மை இக்பால் செய்கிறாயா?" குற்றம்சாட்டப்பட்டவனே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அர்த்தம். அதில் முக்கியமான மூன்று சொல்லும் அரபி, பாரசீகத்து வழி வந்தவை. அவர் பேந்தப் பேந்த விழித்தார். என் கோட்டைப் பார்த்தார், நீதிபதி துரையைப் பார்த்தார், கையைக் கூப்பிக்கொண்டு "ஜீ ஹுஜூர்" என்றார். ஆமாம் எஜமான்.

மாட்டைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்தாயா? ஜீ ஹுஜூர். அந்த மாடு இவருடையதா? ஜீ ஹுஜூர். நடுவில் அவர் தன் பேச்சில் ஏதோ முனகினார். முழுசாகப் பிடிபடவில்லை. மாடு என்பது கேட்டது, வீடு என்பது கேட்டது, பாதி என்பது தெளிவாகவே கேட்டது. அந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. துரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், கோர்ட் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. புரியவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. பொருந்தாத பாதியைத் தூக்கிப் போட்டேன். மிச்சத்தை ஒட்டுப்போட்டு அழகான இங்கிலீஷில் சொன்னேன்: "ஆமாம், அவருடைய கொட்டிலிலிருந்து மாட்டை அவிழ்த்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை, தம்பிகளா. அவர் கூப்பின கையை நான் மொழிபெயர்த்தேன். நம் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய திருட்டு இது. திக்கித் திணறுகிற பேச்சைத் திக்காமல் சொல்லிவிட்டால் நம் திறமையை மெச்சுவார்கள் என்று நினைப்போம். துரை எழுதிக்கொண்டார். குற்றவாளி என்று சொல்லி, தண்டனையை நாளைக்குச் சொல்வதாக ஒத்திவைத்தார். வெளியே வந்ததும் ஒரு குமாஸ்தா, "பிரமாதமான இங்கிலீஷ் சார்" என்று என் கையைக் குலுக்கினார்.

மறுநாள் காலை வாசலில் பால் வந்தது. வழக்கம்போல அளந்து ஊற்றிவிட்டு அந்த அம்மா போகாமல் நின்றார்கள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாருன்னு பியூன் சொன்னாரு. அவரு ஒண்ணும் ஒத்துக்கல."

"நான்தானம்மா கேட்டேன். ஆமான்னு சொன்னாரே?"

"சாயங்காலம் லாக்கப்புக்கு ரொட்டி கொண்டு போனேன்ல, அப்ப கேட்டேன். என்ன கேட்டாங்கன்னே தெரியலைங்குறாரு. நீங்க பேசின பாஷையில ஒரு வார்த்தை புரியலையாம்."

எனக்குச் சுருக்கென்றது. "புரியலைன்னா புரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ஆமான்னு சொல்லணும்?"

"எப்படி அண்ணே சொல்றது? எங்க ஊர்ல ஜமீன் ஆளு இந்த மாதிரி பெரிய பாஷையில கேட்டா ஆமான்னுதான் சொல்லணும். இல்லைன்னா அடி விழும். புரியலைன்னா அதுக்கும் அடி விழும். அவரு சின்னப் புள்ளையிலேருந்து அப்படியே பழகிட்டாரு."

"பாதி பாதின்னு என்னமோ சொன்னாரே, அது என்னம்மா?"

"அந்த மாடு வாரத்துக்கு விட்ட மாடு அண்ணே, பாதிப் பங்குக்கு. உங்க ஆளுங்க விடுறதில்ல? கிள்ளான்காரரு சின்னக் கன்னாக் குடுத்தாரு, நாங்க வளர்த்தோம். முதல் ஈத்து எங்களுக்கு, ரெண்டாம் ஈத்து அவருக்கு. ரெண்டும் முடியற வரைக்கும் மாடு வளர்க்கறவன் கொட்டில்லதான் நிக்கணும், அதான் எங்க ஜில்லா வழக்கம். அவரு நடுவுலயே வந்து ஓட்டிட்டுப் போயிட்டாரு. இவரு போய்த் திருப்பி ஓட்டிட்டு வந்தாரு. பட்டப்பகல்ல, கிள்ளான் ரோட்டுல, போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியா. திருடறவன் அப்படியா வருவான்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாரத்துக்கு மாடு விடுவதை நான் அறியாதவனா? என் மாமன் வீட்டிலேயே விட்டிருக்கிறார்கள். "பாதி என்றால் என்ன?" என்று முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இத்தனை வருஷமாக இந்த அம்மா என் பாஷையைக் கற்றுக்கொண்டு என் வாசலில் வந்து பேசுகிறது. அவர்கள் பாஷையில் "பால் எப்படி?" என்று கேட்கக்கூட எனக்குத் தெரியாது, நான் இந்துஸ்தானி துபாஷி!

அந்த அம்மா போனதும் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி வந்தாள். "என்னங்க, போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்டி. கைக்கூலி வாங்கிட்டான்னு சொல்லுவாங்க."

"உங்களுக்கு வேலைதான போகும்? அந்த மனுஷனையே இல்ல கப்பல்ல ஏத்திடுவாங்க?" என்று சொல்லிவிட்டுப் பாலைக் காய்ச்சப் போய்விட்டாள்.

அன்று கோர்ட்டுக்குப் போன வழி எனக்கு நினைவில்லை. வழக்கை அழைத்தார்கள். துரை தண்டனையைப் படிக்கத் தாளை எடுத்தார். நான் எழுந்து நின்று, எஜமானே என்கிற மலாய்ச் சொல்லோடு தொடங்கி, "துவான், நேற்று நான் மொழிபெயர்த்தது செல்லாது. இவர் பேச்சு எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்" என்றேன்.

துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் இந்துஸ்தானிப் பரீட்சை தேறினவர் இல்லையா?"

"தேறினேன், துவான். இவர் பேசுவது அந்த இந்துஸ்தானி இல்லை."

வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "குற்றவாளியின் ஆட்கள் யாராவது உம் வீட்டுக்கு வந்தார்களா?"

"வந்தார்கள். அவர் மனைவி இன்று காலை வந்தார்."

"கையில் ஏதாவது கொண்டுவந்தாரா?"

"பால் கொண்டுவந்தார்" என்றேன். கோர்ட் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்துப் புன்னகை செய்தார். தினமும் வருகிற பால் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. "நேற்று ஒன்று சொன்னீர், இன்று ஒன்று சொல்கிறீர். எதை நான் நம்புவது?" என்றார். நியாயமான கேள்வி. அந்த நிமிஷத்தில் எங்கிருந்து புத்தி வந்தது என்று தெரியவில்லை, ஏதோ தெய்வம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. "துவான், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றைக் கொடுங்கள். நேற்று கேட்ட அதே பாஷையில் கேட்கிறேன்" என்றேன்.

துரை நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கட்டடமும் மேலே இருக்கிற மணிக்கூண்டும் அவருடைய சொத்தா என்று கேளும்" என்றார்.

லக்னோ உருதுவில், பாரசீகச் சொல் மணக்க மணக்கக் கேட்டேன். பால்காரர் என்னைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். கையைக் கூப்பிக்கொண்டு "ஜீ ஹுஜூர்" என்றார்.

பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். துரை கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். அந்தத் தாள் கவிழ்ந்த சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் அதே ஜில்லாக்காரர் ஒருவர் ஜாகாவாக இருந்தார். ஆளனுப்பி மத்தியானத்துக்குள் கூட்டிவந்தார்கள். அவர் பால்காரரின் பேச்சைக் கேட்டு மலாயில் சொன்னார், துரைக்கு மலாய் நன்றாகவே தெரியும். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். பால்காரருக்கு வாய் திறந்தது பாருங்கள், அடேயப்பா! கன்று வந்த நாள், அதற்கு வந்த வயிற்றுப்போக்கு, முதல் ஈற்று, வாக்குக் கொடுத்தபோது யார் யார் இருந்தார்கள் எல்லாம் வந்தது. பிறகு கிள்ளான்காரரைக் கூப்பிட்டு, "இது வாரத்து மாடுதானே?" என்று ஜாகா அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார். முதல் நாள் மலாயில் கடகடவென்று சாட்சி சொன்ன மனிதர், சொந்த ஊர்ப் பேச்சில் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றார். அன்று சாயங்காலமே பால்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். மாடும் அவர் கொட்டிலுக்கே போனது.

எனக்கு எழுத்து மூலமாகக் கண்டனம் வந்தது. இந்துஸ்தானி துபாஷிகள் ரிஜிஸ்தரிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள், தமிழும் மலாயும் மட்டும் மிஞ்சின. துரை என்னைத் தனியாக அழைத்து, "போய் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வாரும், திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் என்னைக் கைகழுவிவிடவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரே மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், அந்த அம்மா சொல்லிச் சொல்லித்தான் அவருக்குப் புரிந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு மேல் தினம் காலை பால் கறக்கும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தேன். நான் என்பதற்குப் புத்தகம் சொன்ன "மைன்" அங்கே "ஹம்" ஆனது, இருக்கிறது என்கிற "ஹை" அங்கே "பா" ஆனது. ரொட்டி பெண்ணாக இருந்தாலும் வினைச்சொல் அதற்கு அடங்கி நிற்கவில்லை. நான் ஆறு மாதம் அழுது படித்த இலக்கணத்தை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. தங்களுக்கென்று வேறொரு இலக்கணம் வைத்துக்கொண்டு பிசகாமல் பேசினார்கள். "சாணி வாசனையோட வர்ற துபாஷியை இந்த ஊர்லயே நான்தான் பாக்குறேன்" என்று என் மனைவி கேலி செய்வாள்.

இப்போது இந்தி நாகரி எழுத்தில் பத்திரிகையும் புத்தகமுமாக வருகிறது. மதராஸில் அது வேண்டும் வேண்டாம் என்று சண்டை நடப்பதைப் படித்துவிட்டு நீங்களும் தேநீர்க்கடையில் கத்துகிறீர்கள். கத்துங்கள், வயசு அப்படி. மொழி வளரட்டும், இலக்கணம் திருந்தட்டும். கூண்டில் நிற்கிறவர் எதைப் பேசுகிறார் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு தொடங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஊரைப் பற்றி, அவர் மாட்டைப் பற்றிக் கால் மணி நேரம் பேசவிட்டுக் கேளுங்கள். புரியவில்லையா, புரியவில்லை என்று எழுந்து சொல்லிவிடுங்கள். ஒன்றும் ஆகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கண்டனம் வரலாம். வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், என்னுடையதையும் எடுத்துக் காட்டுகிறேன்.

சில வருஷம் கழித்து, என் பெயர் ரிஜிஸ்தரில் திரும்ப ஏறின பிறகு, கிள்ளான் கோர்ட்டில் ஒரு வழக்கு. மோட்டார் கார் ஒன்று மாட்டுவண்டியில் மோதியதைப் பார்த்த சாட்சியாக அந்தப் பால்காரர் வந்திருந்தார். அங்கே புதிதாக வந்திருந்த துரைக்கு ஒரு நல்ல பழக்கம். ஒவ்வொரு சாட்சியிடமும், இந்தத் துபாஷி பேசுவது உமக்குச் சம்மதமா, வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அவர் பேச்சிலேயே அதைக் கேட்டேன். பால்காரர் என்னைப் பார்க்கவில்லை. துரையை நேராகப் பார்த்து, தயங்காமல் சொன்னார்:

"'எனக்கு இவன் பேச்சுத் தெரியாது, நான் சொன்னது தப்பு'ன்னு அத்தனை பேருக்கு முன்னால எழுந்து சொன்ன ஆளு இவருதான். வேற ஆளு எனக்கு வேண்டாம்."

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்கிறார்?" என்று பேனாவோடு காத்திருந்தார். அதை நான்தானே இங்கிலீஷில் சொல்ல வேண்டும்? ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.